கொடைக்கானலுக்குப் பதினோரு பேர், ஒரு இ-பாஸ்

2024 மே மாசம் நாங்க பதினோரு பேர் ஒரு வேன் பிடிச்சு மதுரையிலிருந்து கொடைக்கானல் போனோம். 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்து மூணு மாசம்கூட ஆகல. எங்க குரூப்ல பாதிப் பேருக்குக் கொடைக்கானல்னாலே குணா குகைதான்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, அந்த மே 7-ஆம் தேதியிலிருந்துதான் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்திருந்தது. அப்போ உச்சவரம்பு எதுவும் கிடையாது. போன்ல விவரம் போட்டா பாஸ் வந்துடும். அதனால கூட்டம் குறைஞ்சிருக்கும்னு நம்பித்தான் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, வெள்ளி அருவிக்கு முன்னாடியே வண்டி நின்னுடுச்சு. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைச்சுட்டு, "எல்லாரும் இறங்கிக் காலை நீட்டிக்குங்க"ன்னார்.

வெள்ளி அருவியில ஒரே கூட்டம். அதுல விழுற தண்ணி கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிஞ்சு வர்றது. அந்த ஏரியும் இயற்கையா உண்டானது இல்ல; 1863-ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் ஓடையை மறிச்சுக் கட்டினது. ஏரியைச் சுத்தி இருக்கிற ஊர் அதுல எதைக் கலக்குதோ, அதுவும் சேர்ந்துதான் இங்க விழுது. இது தெரிஞ்ச பிறகு எனக்கு அங்க முகம் கழுவக்கூட மனசு வரல.

ஊருக்குள்ள நெரிசலுக்குக் காரணம் வண்டி எண்ணிக்கை மட்டும் இல்ல. மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை எல்லாம் ஒரே ரோட்டுல வரிசையா இருக்கு. ஒரு வேன் ஓரங்கட்டினா பின்னாடி வர்ற அத்தனையும் நிக்கும். நாங்களும் அப்படித்தான் ஓரங்கட்டினோம். குணா குகையில கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு, மர வேர் மேல உட்கார்ந்து எல்லாரும் எடுக்கிற அதே போட்டோவை எடுத்தோம். 1991-ல 'குணா' வர்றதுக்கு முன்னாடி அதுக்கு டெவில்ஸ் கிச்சன்னுதான் பேரு.

ராத்திரி ஒரு ஹோம்ஸ்டேல தங்கினோம். மறுநாள் காலையில எட்டாவது ஆள் குளிக்கப் போனப்போ தண்ணி நின்னுடுச்சு. வீட்டுக்கார அக்கா லாரித் தண்ணிக்குப் போன் போட்டாங்க. வர்ற வரைக்கும் அவங்க வீட்டுச் சமையலுக்குப் பிடிச்சு வெச்சிருந்த குடத்தைத் தூக்கிட்டு வந்து எங்க பாத்ரூம்ல வெச்சாங்க. எங்களுக்கு ரொம்பக் கூச்சமாப் போச்சு.

இவ்வளவு மழை பெய்யுற மலையில தண்ணிப் பஞ்சமா? பழனி மலையோட உச்சியில இயற்கையா இருந்தது சோலைக்காடும் புல்வெளியும். மழைத் தண்ணியை மண்ணுல பிடிச்சு வெச்சு, கோடையிலயும் ஓடையில கொஞ்சம் கொஞ்சமா விடுறது அந்த அமைப்புதான். அதுல பெரும்பகுதி புல்வெளியில வாட்டில், யூகலிப்டஸ், பைன்னு வெளிநாட்டு மரங்களை நட்டாச்சு. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும்ங்கிறது ஒரு காரணம். நாம ஆசையா போட்டோ எடுக்கிற பைன் காடும் நட்டு வளர்த்ததுதான். ஓடை இளைக்கிற கோடையிலதான் நாம மொத்தமா மேல ஏறுறோம்.

2025-ல நீதிமன்றம் உச்சவரம்பும் வெச்சது. ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000. அது தேவைதான்னு நினைக்கிறேன். ஆனா இது வண்டிக் கணக்கு. எங்க பதினோரு பேரும் அதுல ஒண்ணு. தனியா கார்ல வர்றவரும் ஒண்ணு. ராத்திரி தங்கி எத்தனை பேர் குளிக்கிறாங்கங்கிறது அதுல வராது.

அந்த சீசன்ல அக்காவுக்குப் போன் பண்ணி, "இந்த வருசம் பரவாயில்லையா?"ன்னு கேட்டேன்.

"தண்ணிக்குப் பரவாயில்ல தம்பி. ரூம்தான் பாதி நாள் காலியாக் கிடக்கு. கட்டுன லோன் இன்னும் ரெண்டு வருசம் இருக்கு"ன்னாங்க.