நகர மர நிழற்பரப்பும் மக்கள் ஆதரவும்

மேலிருந்து பார்க்கும்போது ஒரு நகரின் நிலப்பரப்பில் எத்தனை விழுக்காட்டை மரங்களின் இலைத்தொகுதி மூடியிருக்கிறதோ, அது அந்நகரின் மர நிழற்பரப்பு எனப்படும். கட்டடங்களும் தார்ச்சாலைகளும் பகலில் உள்வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுவதால் நகரங்கள் சுற்றுப்புற ஊர்களைவிடச் சூடாக இருக்கின்றன. மரங்கள் நிழல் தருவதோடு, இலைகளின் வழியே நீராவியை வெளியிட்டும் இந்த வெப்பத்தைத் தணிக்கின்றன. ஆகவே பல நகரங்கள் நிழற்பரப்புக்கு இலக்கு நிர்ணயித்து மரம் நட்டு வருகின்றன.

மரம் வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் வேண்டாம் என்பவர்கள் குறைவு. வீட்டு வாசலில் எந்த மரம், அதை யார் பராமரிப்பது என்ற கேள்விகள் எழும்போதுதான் ஆதரவின் உண்மையான அளவு தெரியவரும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன், அமெரிக்காவின் டெட்ராய்ட் ஆகிய இரு நகரங்களின் அனுபவங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

மெல்போர்ன்

மெல்போர்ன் பெருநகரின் மையப் பகுதியை ஆளும் மாநகராட்சியின் பொறுப்பில் சுமார் 70,000 மரங்கள் உள்ளன. அவற்றில் பல 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடப்பட்டவை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எல்ம் மரங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்த டச்சு எல்ம் நோய் ஆஸ்திரேலியாவை எட்டவில்லை. அதனால் உலகில் எஞ்சியுள்ள பெரிய, முதிர்ந்த எல்ம் வரிசைகள் சில இந்நகரில் உள்ளன. மையப் பகுதித் தெருக்களில் பிளேன் மரங்களே பெரும்பான்மை.

1990-களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீடித்த கடும் வறட்சி இம்மரங்களை நலிவடையச் செய்தது. நீர்க் கட்டுப்பாடுகளால் பூங்காக்களுக்குப் பாய்ச்சும் நீரும் குறைந்தது. 2009 ஜனவரி இறுதியில் மெல்போர்னில் தொடர்ந்து மூன்று நாட்கள் வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்த வெப்ப அலையின்போது விக்டோரியா மாநிலத்தில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்ததாக மாநில சுகாதாரத் துறை கணக்கிட்டது. மரங்களைக் கணக்கெடுத்தபோது, 23 விழுக்காடு பத்து ஆண்டுகளுக்குள்ளும் 39 விழுக்காடு இருபது ஆண்டுகளுக்குள்ளும் ஆயுளின் முடிவை எட்டிவிடும் என்பது தெரியவந்தது.

2012-இல் வெளியான நகரக் காட்டுத் திட்டம் இந்தப் பின்னணியில் உருவானது. பொது இடங்களின் நிழற்பரப்பை 22 விழுக்காட்டிலிருந்து 2040-க்குள் 40 விழுக்காடாக உயர்த்துவது அதன் முதன்மை இலக்கு. ஒரே நோய் நகரம் முழுவதையும் மொட்டையாக்கிவிடாதபடி, மொத்த மரங்களில் ஓர் இனம் 5 விழுக்காட்டையும், ஒரு பேரினம் 10 விழுக்காட்டையும், ஒரு குடும்பம் 20 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மரங்களை நடத் திட்டமிடப்பட்டது. மழைநீரைச் சேமித்துப் பூங்காக்களுக்குப் பயன்படுத்தும் அமைப்புகளும் கட்டப்பட்டன. ஃபிட்ஸ்ராய் தோட்டத்தில் உள்ளது அவற்றுள் ஒன்று.

கேட்பதற்கு இனிமையான இலக்கு. ஆனால் அதை அடைய, மக்கள் நூறாண்டாகப் பார்த்துப் பழகிய மரங்களை வெட்டி, அதே இடத்தில் வேறு இனங்களை நட வேண்டும். மரத்தை நேசிப்பவர்தாம் இதற்கு முதலில் எதிர்ப்புத் தெரிவிப்பார். புதிய மரம் நிழல் தரும் அளவுக்கு வளர்வதைக் காண அவருக்கு வயது இடம் கொடுக்காமலும் போகலாம். மறுபக்கம், பிளேன் மரத்தின் மகரந்தமும் நுண்ணிய முடிகளும் கண்ணையும் மூக்கையும் உறுத்துவதாகப் புகார் சொல்பவர்களும் இருந்தனர். எனவே மாநகராட்சி பகுதி வாரியாகக் கூட்டங்கள் நடத்தி, எந்தத் தெரு எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று குடியிருப்போரிடம் கேட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித் திட்டம் வகுத்தது. மரங்களை அளந்து பதிவு செய்யத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

நகர மரங்களின் நிலையைக் காட்டும் இணைய வரைபடமும் வெளியிடப்பட்டது. அதில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்ணும், அந்த மரத்தைப் பற்றி எழுத ஒரு மின்னஞ்சல் வழியும் தரப்பட்டன. முறிந்த கிளை, நோய் போன்றவற்றை மக்கள் தெரிவிப்பதற்கான ஏற்பாடு அது. வந்து குவிந்தவையோ மரங்களுக்கு எழுதப்பட்ட அன்புக் கடிதங்கள். வெளிநாடுகளிலிருந்தும் பலர் எழுதினர். சிலவற்றுக்கு மரமே பதில் எழுதுவதுபோல ஊழியர்கள் பதில் அனுப்பினர். உலகச் செய்திகளில் இக்கடிதங்களே பெரிதும் பேசப்பட்டன. எந்த மரத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதை எவரும் பார்க்கும்படி முன்கூட்டியே வெளியிட்டது அதைவிட முக்கியமானது. மரம் வெட்டப்படும் நாளில் அது யாருக்கும் திடீர்ச் செய்தியாக இருக்காது.

டெட்ராய்ட்

டெட்ராய்ட் நகரில் இலவசமாகத் தந்த மரங்களையே பலர் மறுத்தனர். 1989-இல் தொடங்கப்பட்ட 'த கிரீனிங் ஆஃப் டெட்ராய்ட்' என்ற தொண்டு நிறுவனம் வீடுகளின் முன்னுள்ள தெருவோரங்களில் மரம் நட்டு வந்தது. 2011 முதல் 2014 வரை, மரம் பெறத் தகுதியுள்ள ஏறத்தாழ 7,400 குடியிருப்போரில் 1,800-க்கும் மேற்பட்டோர், அதாவது நான்கில் ஒருவர், தங்களுக்கு மரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தனர்.

இதற்கான காரணத்தை வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டின் கார்மைக்கேல் ஆராய்ந்தார். 2019-இல் வெளியான அவரது ஆய்வின்படி, மரத்தின் பயனை மக்கள் நன்றாகவே அறிந்திருந்தனர். அவர்களது தயக்கம் நகரின் வரலாற்றிலிருந்து வந்தது. டச்சு எல்ம் நோயால் டெட்ராய்ட் தன் எல்ம் மரங்களை இழந்தது. 1967-இல் நடந்த இனக் கிளர்ச்சிக்குப் பிறகு நகர நிர்வாகம் மரங்களை வெட்டியதற்கு நோயே காரணம் என்று அது கூறியது. ஹெலிகாப்டரிலிருந்து தங்களைக் கண்காணிப்பதற்காகவே வெட்டினார்கள் என்று கறுப்பின மக்கள் பலர் நம்பினர். எது உண்மை என்பது ஒருபுறமிருக்க, மரங்களைப் பற்றிய முடிவுகள் தங்களைக் கேட்காமல் எடுக்கப்படுகின்றன என்ற எண்ணம் அப்படியே நிலைத்துவிட்டது.

அன்றாடக் கவலை மற்றொன்று. 1950-இல் சுமார் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010-இல் சுமார் 7.1 லட்சமாகச் சுருங்கி, நகரின் வருவாயும் சரிந்தது. பட்டுப்போன ஆயிரக்கணக்கான தெரு மரங்கள் அகற்றப்படாமல் நின்றன. ஆளில்லாத வீடுகளின் முன்னால் ஓங்கி வளர்ந்த மரங்களைப் பார்த்தவர்கள், புதிய கன்றும் ஒருநாள் தங்கள் தலையில்தான் விழும் என்று கருதினர். சருகு அள்ளுவது, வேர் தூக்கிவிட்ட நடைபாதையைச் சரிசெய்வது, கிளை விழுந்தால் செலவு செய்வது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பாகும். ஆனால் எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு அளிக்கப்படவில்லை. தேர்வுரிமையும் பராமரிப்பு உறுதியும் கிடைத்திருந்தால் ஏற்றிருப்போம் என்று மறுத்தவர்களில் சிலர் ஆய்வாளரிடம் தெரிவித்தனர். இதன்பின் அந்நிறுவனம் கன்று நடுவதற்கு முன்பே குடியிருப்போருடன் கலந்து பேசுவதற்குக் கூடுதல் முக்கியத்துவம் தரத் தொடங்கியது.