இருபது நிமிட உபசரிப்பு

சென்னையில் ஏறி சேலத்தில் இறங்கும் விமானப் பயணத்துக்கு அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரத்தைக் கழித்தால் வானத்தில் இருப்பது முக்கால் மணிக்கு மேல் போகாது. அதிலும் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பணியாளர்கள் இருக்கையை விட்டு எழக் கூடாது, அல்லது பயணிகளின் பெல்ட்டைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பார்கள். டிராலியை வெளியே இழுக்கக் கிடைப்பது இருபது நிமிடம்.

அந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 ரக விமானத்தில் 78 பேர் உட்காரலாம். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது பல நாடுகளில் உள்ள பாதுகாப்பு விதி. ஆகவே இதில் இரண்டு பேர். இருபது நிமிடத்தை 78 ஆல் வகுத்தால் ஒரு பயணிக்குப் பதினைந்து வினாடி. கேட்பது, எடுப்பது, கொடுப்பது, காலிக் கோப்பையைத் திரும்ப வாங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். “டீ குடித்து முடிப்பதற்குள் கப்பைக் கேட்கிறார்கள்” என்று பயணிகள் முகம் சுளிப்பதுண்டு. அந்த அவசரத்துக்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேர் அந்த நேரத்தில் அதைச் செய்து முடிப்பதே பாராட்டத் தக்கது.

இந்தப் பதினைந்து வினாடியை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகச் செலவிடுகிறது. ஹவாயில் ஹொனலுலுவிலிருந்து மாவி தீவின் கஹுலுயிக்கு 160 கிலோமீட்டர். அரை மணி நேரம்கூடப் பறக்க வேண்டியதில்லை. அந்தத் தீவுகளுக்கிடையே நெடுங்காலமாகப் பறந்துவரும் ஹவாயன் ஏர்லைன்ஸ், பேஷன் பழம், ஆரஞ்சு, கொய்யா மூன்றும் கலந்த சாற்றைச் சிறு கோப்பையில் அடைத்து, மேலே ஃபாயில் மூடி ஒட்டித் தருகிறது. 1971-இல் மாவித் தீவின் பால் பண்ணை நிறுவனம் ஒன்று உருவாக்கிய கலவை அது. அந்த மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஊற்றும் வேலையில்லை, ஐஸ் போட வேண்டியதில்லை, காசு வாங்க வேண்டியதில்லை. தட்டில் அடுக்கி, நடந்துகொண்டே நீட்டலாம். ஸ்காட்லாந்தின் லோகன்ஏர், டன்னக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனத்தின் கேரமல் வேஃபரைத் தருகிறது. அதே லோகன்ஏர், வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர் பறக்கும் உலகின் மிகக் குறுகிய சேவையையும் நடத்துகிறது. இரண்டு நிமிடப் பறப்பு. பணியாளரும் இல்லை, பண்டமும் இல்லை.

நம் நாட்டின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் வேறு வழி பிடித்தன: தண்ணீர் எல்லோருக்கும், மற்றது காசுக்கு. ஒருவருக்கு விற்க ஒரு நிமிடம் ஆனாலும், வாங்குவோர் சிலரே என்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது. எனக்கு ஹவாய் முறைதான் பிடித்திருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிடும்போது குழந்தைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை எந்தத் தாய்க்கும் அங்கே வருவதில்லை.

டன்னக்ஸ் என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அதே நிறுவனத்தின் ‘டீகேக்’, பிஸ்கட்டின் மேல் மார்ஷ்மெல்லோ வைத்து சாக்லேட் பூசிய பண்டம். பிரிட்டிஷ் விமானப் படையினர் அதை விரும்பிக் கொண்டுபோவார்கள். மேலே போகப் போக அது உப்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1965-இல் ஒரு பயிற்சிப் பறப்பில் விமானி அறையின் காற்றழுத்தத்தைத் திடீரென வெளியேற்றினார்கள். உறை பிரித்து வைத்திருந்த டீகேக்குகள் வெடித்து, முன்கண்ணாடியிலும் கருவிகளிலும் அப்பிக்கொண்டன. அதன் பின் விமானத்தில் அந்தப் பண்டத்துக்குத் தடை வந்தது. மார்ஷ்மெல்லோ என்பது காற்றுக் குமிழிகளை அடைத்துவைத்த இனிப்பு நுரை. வெளியழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் கூடும் என்று பாயில் என்ற விஞ்ஞானி 1662-இல் சொன்ன விதி அதற்கும் பொருந்தும்.

பயணிகள் விமானத்தில் அவ்வளவு தூரம் போகாது. 35,000 அடியில் பறக்கும் ஜெட்டிலும் உள்ளே இருக்கும் அழுத்தத்தை 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் அது. தரையில் உள்ளதில் முக்கால் பங்கு அழுத்தம். அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். சிப்ஸ் பாக்கெட் பலூனாவதும், ஃபாயில் மூடியைக் கிழித்ததும் சாறு சட்டையில் தெறிப்பதும் இதனால்தான். வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அதே அளவு விரிகிறது. ஏறுவதற்கு முன் சுண்டலும் சோடாவும் வேண்டாம் என்பது இந்தக் கணக்கில் வரும் அறிவுரை.

அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியில் கொதித்துவிடும். தேயிலையின் சாரம் இறங்க அதைவிடச் சூடு இருந்தால் நல்லது. விமான டீ சப்பென்றிருப்பதற்கு இது ஒரு காரணம். சிறு விமானங்களில் அடுப்பும் இருக்காது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வரும். இந்திய விமானங்களில் வெந்நீர் ஊற்றித் தரும் கப் உப்புமாவும் அவலும் இடம்பிடித்ததற்குப் பின்னால் நல்ல பொறியியல் இருக்கிறது. ஆலையிலேயே பக்குவப்படுத்தி உலர்த்திய ரவை, நீரை உறிஞ்சினால் போதும், கொதிக்க வேண்டியதில்லை. மூடி வைத்துச் சில நிமிடம் காத்திருந்தால் ஆயிற்று. அந்தக் காத்திருப்பு பயணியின் நேரத்தில் போகிறது, பணியாளரின் பதினைந்து வினாடியில் போவதில்லை.

ருசிக்கு வருவோம். லுஃப்தான்ஸா நிறுவனம் தன் விமானங்களில் தக்காளிச் சாறு ஏறக்குறைய பீர் அளவுக்கே செலவாவதைக் கண்டு வியந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகம் பழைய ஏர்பஸ்ஸின் ஒரு பகுதியை அழுத்தம் குறைக்கும் கூடத்துக்குள் வைத்து, ஆட்களை உட்கார்த்திச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தது. குறைந்த அழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்பும் இனிப்பும் மங்கிப்போயின. தரையில் மண்வாடை அடிப்பதாகச் சொன்ன தக்காளிச் சாறு அங்கே இனித்தது.

ஆனால் அந்த முடிவை அப்படியே சேலம் விமானத்துக்குப் பொருத்த முடியாது. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் பறப்பதில்லை. குறுந்தூரத்தில் அதற்கும் வெகு கீழே. உள்ளே அழுத்தம் தரைக்கு நெருக்கமாகவே இருக்கும். மூக்கு வறண்டுபோகவும் ஒரு மணி நேரம் போதாது. மிச்சம் இருப்பது இரைச்சல். காற்றாடி இலைகளுக்கு நேராக உள்ள வரிசைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அது புரியும். 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபின் டாண்டோவும் கிம்பர்லி யானும், 85 டெசிபல் விமான இரைச்சலைக் காதில் ஒலிக்கவிட்டு ஐந்து சுவைகளையும் சோதித்தார்கள். உப்பு, புளிப்பு, கசப்பு பெரிதாக மாறவில்லை. இனிப்பு மட்டுப்பட்டது. தக்காளியிலும் இறைச்சிச் சாற்றிலும் உள்ள ‘உமாமி’ என்ற ஐந்தாவது சுவை மட்டும் தூக்கலாகத் தெரிந்தது. நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு, செவிப்பறையை ஒட்டி நடுச்செவி வழியாகவே செல்கிறது. காதைத் தாக்கும் இரைச்சல் நாக்கின் செய்தியையும் தொடுவதற்கு இந்த வழி காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனம் உள்நாட்டுப் பயணத்தில் கோப்பையில் தரும் கான்சமே சூப் மிகப் பொருத்தமான தேர்வு. எலும்பும் காய்கறியும் கொதித்த தெளிந்த சாறு, உமாமி நிறைந்தது. நம்மிடம் தக்காளி ரசம் இருக்கிறது. தக்காளியின் உமாமி இரைச்சலில் எடுபடும், புளிப்பு குறையாது, ஃபிளாஸ்க்கில் வரும், ஒரு வாய் உறிஞ்சும் துளையிட்ட மூடி இருந்தால் குலுங்கினாலும் சிந்தாது. சர்க்கரை தூக்கலான பாக்கெட் சாறுகளை விட்டுவிட்டு, தமிழகத் தடங்களில் யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

காதுக்கு நேரடியாகவே தரப்படும் பண்டமும் உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் பறந்தவர்களுக்கு, புறப்படும் முன் தட்டில் வந்த மிட்டாயும் பஞ்சும் நினைவிருக்கும். மிட்டாயைச் சப்பினால் எச்சில் ஊறும். விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் திறந்து அழுத்தம் சமமாகும். அறிவியல் சரி, நேரம்தான் பொருந்தவில்லை. விமானம் ஏறும்போது நடுச்செவியில் கூடுதலாக உள்ள காற்று அந்தக் குழலைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளியழுத்தம் கூடி, குழலின் மென்மையான வாயை அழுத்தி மூடுகிறது. விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ தசைகள் இழுத்தால்தான் அது திறக்கும். வலி பெரும்பாலும் இறங்கும்போது வருவது இதனால்தான். ஏர் நியூசிலாந்து உள்நாட்டு விமானங்களில் மிட்டாய்க் கூடையைத் தரையிறங்கும் முன்னர் நீட்டுகிறது. அந்த நேரம் சரியான நேரம்.

நம் விமானங்களில் இதற்குத் தனியே நேரம் தேட வேண்டியதில்லை. இறங்கத் தொடங்குமுன் காலிக் கோப்பைகளைச் சேகரிக்க எப்படியும் ஒரு நடை வருகிறார்கள். அதே நடையில் ஒருவர் மிட்டாயையும் நீட்டிவிடலாம். தூங்குகிறவர் விழுங்குவது குறைவு என்பதால் அப்போது எழுப்பிவிடுவதும் நல்லதே. கைக்குழந்தைகளின் குழல் குறுகலானது, அதிகம் சாயாமல் படுத்தவாக்கில் இருப்பது. அவர்களுக்கு மிட்டாய் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். பால் புகட்டும் நேரத்தை, விமானம் இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வரும்வரை தாய் தள்ளிவைக்கலாம். ஒரு மணி நேரப் பயணத்தில் அந்த அறிவிப்பு பாதி வழி தாண்டியதுமே வந்துவிடும்.