எத்தனை ஆண்டு உத்தரவாதம்?

நுழையும்முன்

கணினி வாங்கச் செல்வோர் விலையை அடுத்துக் கேட்கும் கேள்வி, 'எத்தனை வருஷம் வாரண்டி?' என்பதாகும். பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் அந்த ஆண்டுக்கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை வன்தட்டின் வரலாற்றைக்கொண்டு விளக்குகிறது இக்கட்டுரை.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, கணினி உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதி. அங்குள்ள கடை ஒன்றில் சிறிது நேரம் நின்று கவனித்தால் ஓர் உரையாடல் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒரே கொள்ளளவுடைய இரண்டு வன்தட்டுகளை விற்பனையாளர் மேசைமீது வைக்கிறார். ஒன்றன் விலை குறைவு. உத்தரவாதம் இரண்டு ஆண்டு. மற்றொன்றன் விலை கூடுதல். உத்தரவாதம் ஐந்து ஆண்டு. "இது அஞ்சு வருஷம் ஓடும், எடுத்துக்கோங்க" என்கிறார் விற்பனையாளர். வாங்க வந்தவரும் தலையசைக்கிறார்.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் கூற்றில் ஒரு பிழை உண்டு. ஐந்தாண்டு உத்தரவாதம் என்பது, ஐந்தாண்டுக்குள் பொருள் பழுதுற்றால் அதனைச் சீர்செய்தோ மாற்றியோ தருவதாக நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. பொருள் ஐந்தாண்டு உழைக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடையை உத்தரவாத அட்டையில் தேட இயலாது.

ஒரே மாதத்தில் சுருங்கிய காலம்

இதற்குத் தெளிவான சான்று வன்தட்டுத் தொழிலின் வரலாற்றிலேயே உள்ளது. 2002ஆம் ஆண்டின் இடைப்பகுதிவரை மேசைக்கணினி வன்தட்டுகளுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் தருவது வழக்கமாக இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சீகேட், மேக்ஸ்டர், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகிய மூன்று பெருநிறுவனங்களும் தம் மேசைக்கணினி வன்தட்டுகளுள் பெரும்பாலானவற்றுக்கு அதனை ஓராண்டாகக் குறைத்தன. செப்டம்பரில் விற்ற வன்தட்டைவிட அக்டோபரில் விற்ற வன்தட்டு மூன்றில் ஒரு பங்கே உழைக்கும் என்று யாரும் கருதவில்லை. பொருள் பெரிதும் மாறாதிருக்க, பொறுப்பேற்கும் காலம் மட்டும் மாறியது. கடும் விலைப்போட்டியால் இலாபம் மெலிந்திருந்த தொழில் அது. விற்கும் ஒவ்வொரு வன்தட்டுக்கும் எதிர்காலப் பழுதுக்கென ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது நிறுவனங்களுக்குச் சுமையாக இருந்தது.

இரண்டாண்டு கழிவதற்குள் நிலைமை தலைகீழானது. 2004ஆம் ஆண்டில் சீகேட் நிறுவனம் தன் வன்தட்டுகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் அறிவித்தது. 2009ஆம் ஆண்டில் அவற்றுள் பலவற்றுக்கு அது மூன்றாண்டாகக் குறைந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் ஏற்பட்டு வன்தட்டு ஆலைகள் நீரில் மூழ்கின. உலகெங்கும் தட்டுப்பாடு, விலை மளமளவென ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் சில வகைகளுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைப்பதாக அறிவித்தது. சீகேட் சில வகைகளுக்கு ஓராண்டாகவே குறைத்தது. கிடைத்த சரக்கையெல்லாம் வாங்க ஆள் இருந்த காலத்தில், நீண்ட உத்தரவாதத்தைக் காட்டி வாடிக்கையாளரை அழைக்க வேண்டிய தேவை எந்த நிறுவனத்துக்கும் இருக்கவில்லை.

பத்தாண்டுக்குள் மூன்று, ஒன்று, ஐந்து, மூன்று, மீண்டும் ஒன்று என ஏறியிறங்கிய ஓர் எண்ணைப் பொருளின் ஆயுள் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்?

ஆயினும் அந்த எண் எதையுமே சொல்லாதது அன்று. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970ஆம் ஆண்டில், பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்னும் நிலையில் சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதை அதில் விளக்கினார். அந்த ஐயத்தைத் தணிக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டது உத்தரவாதத்தை. இத்துறையில் செய்த பணிக்காக 2001ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை வேறு இருவருடன் அவர் பகிர்ந்துகொண்டார். மட்டமான பொருளுக்கு நீண்ட உத்தரவாதம் தரும் நிறுவனம், மாற்றிக்கொடுத்தே நட்டப்படும். ஆதலால் நீண்ட உத்தரவாதம், தன் பொருள்மீது நிறுவனம் கொண்டுள்ள நம்பிக்கைக்கு ஓரளவு அடையாளமாகிறது.

அந்த அடையாளத்தை எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். இரு வேறு நிறுவனங்களின் ஆண்டுக்கணக்குகளை ஒப்பிடுவதைவிட, ஒரே நிறுவனம் தன் பல்வேறு வகைகளுக்குத் தரும் ஆண்டுகளை ஒப்பிடுவது பயனுடையது. 2002ஆம் ஆண்டில் உத்தரவாதத்தைக் குறைத்த வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் உயர்வகை வன்தட்டு ஒன்றுக்கு மட்டும் மூன்றாண்டை விட்டுவைத்தது. 2011ஆம் ஆண்டிலும் 'பிளாக்' எனப்படும் உயர்வகைக்கு ஐந்தாண்டு குறையாமல் நின்றது. எந்த வகையை நம்பிப் பணத்தைப் பணயம் வைக்கலாம் என்பது அதனைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

நூற்றுப்பதினான்கு ஆண்டு

வன்தட்டின் விவரத்தாளில் வியப்பூட்டும் எண் ஒன்று காணப்படும். பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 10 இலட்சம் மணி என்பது அது. ஓராண்டுக்கு 8,760 மணி. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 114 ஆண்டு வருகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு தட்டு நூறாண்டுக்கு மேல் ஓடாது என்பதை அறியப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. அந்த எண் தனியொரு வன்தட்டைப் பற்றியதன்று. ஆயிரம் வன்தட்டுகளை ஆயிரம் மணி நேரம் ஓட்டினால் சராசரியாக ஒன்று பழுதாகும் என்பதே அதன் பொருள். அக்கணக்கின்படி ஓராண்டில் ஆயிரத்துக்கு ஒன்பது, அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

மெய்யான பயன்பாட்டில் நிகழ்வது என்ன? 2007ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகியோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் வன்தட்டுகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஆண்டுதோறும் மாற்றப்பட்டவை பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு. சில இடங்களில் 13 வரை. விவரத்தாள் கூறிய அளவைவிட இது பன்மடங்கு மிகுதி. அதே ஆண்டில் கூகுள் நிறுவன ஆய்வாளர்களும் தம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் கண்டது: முதலாண்டில் நூற்றுக்கு 1.7, மூன்றாண்டு வயதுடையவற்றில் 8.6க்கும் மேல்.

கூகுளின் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பொறுப்பேற்கும் காலத்தை ஓராண்டோடு நிறுத்திக்கொள்வது யாருக்கு நன்மை என்பது விளங்கும். தொடக்கத்திலேயே உற்பத்திக் குறையால் பழுதாகும் சிலவற்றை எந்த உத்தரவாதமும் காக்கும். தேய்மானத்தால் பழுது மிகும் காலத்தையோ நீண்ட உத்தரவாதமே எட்டும்.

எனினும் அந்தக் கூடுதல் ஆண்டுகளை எவ்வளவு விலைக்கு வாங்கலாம் என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. ஒரு வன்தட்டு ஓராண்டு உத்தரவாதத்துடன் 4,000 ரூபாய், மூன்றாண்டு உத்தரவாதத்துடன் 4,600 ரூபாய் எனக் கொள்வோம். கூடுதலான இரண்டாண்டுகளில் அது பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த உத்தரவாதத்தின் மதிப்பு 400 ரூபாய். வெறும் கணக்கின்படி 600 ரூபாய் மிகை. நூறு கணினிகள் வாங்கும் கல்லூரி இக்கணக்கை நம்பலாம். அவற்றுள் பத்து பழுதானாலும் மிச்சமான தொகையில் வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு கணினியைத் தவணையில் வாங்கும் குடும்பத்தின் நிலை வேறு. இரண்டாம் ஆண்டில் திடீரென 4,000 ரூபாய் திரட்ட இயலாத வீட்டிற்கு, இன்று கூடுதலாகத் தரும் 600 ரூபாய் வீணன்று. கணினி விற்போர் இந்த வேறுபாட்டைப் பேசுவதில்லை.

பாகத்துக்குப் பாகம் வேறு

கணினியின் எல்லாப் பாகங்களுக்கும் ஆண்டுக்கணக்கு ஒரே பொருளைத் தருவதில்லை. 'ரேம்' எனப்படும் நினைவகத்தில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. அது பழுதானால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பழுதாகும். ஆதலால் வாழ்நாள் உத்தரவாதம் தருவதில் நிறுவனங்களுக்குத் தயக்கமில்லை. அந்த 'வாழ்நாள்' வாங்கியவரின் வாழ்நாளா, பொருளின் வாழ்நாளா என்பதை விதிமுறைத்தாளில்தான் பார்க்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு: ஆண்டும், எழுதப்படும் தரவின் அளவும். இவற்றுள் எது முன்னர் வருகிறதோ அதனோடு உத்தரவாதம் முடியும். சாம்சங் 970 ஈவோ வகையின் ஒரு டெராபைட் சேமிப்பகத்துக்கு ஐந்தாண்டு அல்லது 600 டெராபைட் என்பது வரையறை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிகாபைட் வீதம் ஐந்தாண்டும் எழுதினாலன்றி இரண்டாம் எல்லை வராது. பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் பயன்படுத்தும் மாணவர் அதனை நெருங்கப்போவதில்லை.

நீண்ட உத்தரவாதம் பெரிதும் கைகொடுப்பது மின்வழங்கியில். கடைக்காரர் வழக்கில் அது எஸ்.எம்.பி.எஸ். அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தால் உலர்ந்து வலிமையிழக்கும். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுவிதி. சித்திரை வெயிலில் காற்றோட்டமில்லா அறையில் இயங்கும் கணினிக்கு இது சிறிய செய்தியன்று. ஏழு, பத்து, பன்னிரண்டு ஆண்டு உத்தரவாதமுள்ள மின்வழங்கிகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றைச் செய்வோர் பெரும்பாலும் உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் மின்தேக்கிகளையே இடுகின்றனர். மின்தேக்கியின் குறை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு டெல் நிறுவனம் சான்று. 2003 முதல் 2005 வரை விற்ற அலுவலகக் கணினிகள் பலவற்றின் தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் வீங்கிக் கசிந்தன. 2005ஆம் ஆண்டில் அதற்கென 30 கோடி டாலரை அந்நிறுவனம் ஒதுக்க நேர்ந்தது.

மடிக்கணினியில் வேறொரு நுட்பம் உள்ளது. கணினிக்கு மூன்றாண்டு என்று எழுதியிருந்தாலும் மின்கலத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டே. தேநீர் சிந்தியது, கீழே விழுந்து திரை உடைந்தது, இடிமின்னலில் கருகியது போன்றவை பொதுவாக எந்த ஆண்டிலும் சேரா. பழுதுநீக்க ஊழியர் வீட்டிற்கே வருவாரா, சேவை மையத்துக்குத் தூக்கிச்செல்ல வேண்டுமா என்பதும் உண்டு. மாவட்டத் தலைநகருக்கே இரண்டு பேருந்து மாற வேண்டிய சிற்றூரில் வாழும் மாணவருக்கு, சேவை மையத்துக்குச் செல்லும் மூன்றாண்டைவிட வீடுதேடி வரும் ஓராண்டு மேலானது.

யார் தரும் உத்தரவாதம்?

கடைகளில் 'வாரண்டி' என்னும் ஒரே சொல் பல பொருளில் வழங்குகிறது. தயாரிப்பாளர் தருவது ஒன்று. கடைக்காரர் தம் பொறுப்பில் தருவது மற்றொன்று. பின்னது கடை இருக்கும்வரைதான். பயன்படுத்திய பொருள்களுக்குச் சொல்லப்படும் 'டெஸ்டிங் வாரண்டி' சில நாள்களில் முடிந்துவிடும். வேறொரு நாட்டுச் சந்தைக்கென உருவாகி இங்கு வந்துசேர்ந்த பொருளுக்கு, பெட்டியில் ஐந்தாண்டு என்றிருந்தாலும் இந்தியாவில் அது செல்லாமற்போகலாம். பொருளின் தொடரெண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கடையிலேயே இட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மாற்றித் தருவது புதிய பொருளாகவே இருக்கும் என்பதும் இல்லை. வன்தட்டு நிறுவனங்கள் பலவற்றின் விதிகளில், சீர்செய்யப்பட்ட பழைய வன்தட்டைத் தர இடமுண்டு. வன்தட்டில் இருந்த தரவுகளுக்கு நிறுவனம் பொறுப்பன்று என்ற வரியும் அங்கேயே இருக்கும். செய்முறைத் தேர்வுக்கு எழுதிய நிரல்கள், தாத்தாவின் கடைசி ஒளிப்படம், தந்தை பத்தாண்டாகப் பராமரித்த கடைக்கணக்கு ஆகியவற்றுக்கு ஐந்தாண்டு உத்தரவாதமும் இல்லை, ஓராண்டு உத்தரவாதமும் இல்லை. மாற்றாக வரும் வன்தட்டு வெறுமையாக வரும். கூடுதல் உத்தரவாதத்துக்கெனச் செலவிடும் தொகையைக்கொண்டு ஒரு சிறிய வெளிச்சேமிப்பகம் வாங்கி வாரந்தோறும் படியெடுத்து வைப்பவர், இழக்கக்கூடாததை உண்மையிலேயே காப்பவர்.

சட்டத்தின் துணை

உத்தரவாதத்தை நிறுவனம் மறுத்தால் வாங்கியவர் செல்ல இடமுண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதை அது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அவ்வாறே கருதுகிறது. புகார் அளிப்பவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குத் தந்த விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரை எனில் கட்டணமில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் அது தொடுக்கப்பட வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

இவை அனைத்துக்கும் ரசீது வேண்டும். இன்று பல கடைகளில் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான தாளில் ரசீது தருகின்றனர். அதிலுள்ள எழுத்து, மேசை இழுப்பறைக்குள் இருந்தாலும் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். மூன்றாம் ஆண்டில் எடுத்துப் பார்க்கும்போது வெற்றுத்தாளாக இருப்பதும் உண்டு. வாங்கிய அன்றே அதனையும் பொருளின் தொடரெண்ணையும் ஒளிப்படமெடுத்து, அந்தக் கணினியில் அல்லாமல் வேறோரிடத்தில் சேமித்து வைக்க வேண்டும்.