கரையேறிய பின் வரும் நோய்

நீரில் மூழ்கியவருக்கு மூச்சுத் திரும்பிவிட்டால் ஆபத்து நீங்கியதென்றே நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எப்போதும் சரியன்று. கழிவு கலந்த நீரிலும் சேற்றிலும் ஸ்கெடோஸ்போரியம் என்னும் பூஞ்சை வாழ்கிறது. காளான் என்றதும் மழைக்காலக் குடையே நம் நினைவில் எழும். இதுவோ அதன் இனத்ததாயினும் கண்ணுக்குப் புலப்படாதது. மூழ்குபவர் உள்ளிழுக்கும் நீரோடு இதன் வித்துகள் நுரையீரலை அடைந்து, குருதிவழியே மூளைக்குச் சென்று சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. நல்ல உடல்நலம் உடையவரையும் இது விட்டுவைப்பதில்லை. 2011 மார்ச்சு 11இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையில் மூழ்கி உயிர்தப்பிய ஒருவருக்கும் இந்நோய் கண்டதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இதன் கொடுமை காலந்தாழ்த்தி வருவதில்தான் உள்ளது. தலைவலி, காய்ச்சல், வலிப்பு ஆகியன சில வாரங்கள், ஏன், சில மாதங்கள் கழித்தும் தோன்றலாம். அதற்குள் வீட்டார் விபத்தையே மறந்திருப்பர். மருத்துவரிடம் கூறவும் தோன்றாது. நுண்ணோக்கியிலோ இது அஸ்பர்ஜில்லஸ் என்னும் வேறொரு பூஞ்சையை ஒத்திருக்கும். கடும் பூஞ்சை நோய்களுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவரும் ஆம்ஃபோடெரிசின் இதனிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. வோரிகோனசோல் என்னும் மருந்தையே மருத்துவர்கள் நாடுகின்றனர். கட்டியை அறுத்து அகற்றவும் நேரலாம். இவ்வளவு செய்தும் இறப்போர் பலர். நோயாளி முன்பொரு நாள் நீரில் மூழ்கியவர் என்று உடன்வந்தோர் சொன்னால், மருத்துவர் இப்பூஞ்சையைத் தொடக்கத்திலேயே ஐயுற்று ஏற்ற மருந்தைத் தொடங்க இயலும்.