சுவரில் விஷம் வேண்டாம்!
வீட்டுக்கு ஏற்ற நல்ல வர்ணம் எது?

பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது தமிழர் வழக்கம். கல்யாணம் என்றாலும் அப்படித்தான். புது வர்ணம் பூசிவிட்டால், பழைய வீடும் புது வீடு போல ஆகிவிடும்.

கடைக்குப் போனால் வர்ண டப்பாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. "எது பளபளப்பாக இருக்கும்? எது விலை குறைவு? எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டு வாங்குகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. "இந்த வர்ணத்தில் என்ன கலந்து இருக்கிறது?" என்பதுதான் அது.

ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?

சுவரில் பூசிய வர்ணம் சுவரோடு நின்றுவிடுவது இல்லை. ஈரமாக இருக்கும்போது அதன் ஆவி மூக்கில் ஏறுகிறது. பழையதானால், அது தூளாக உதிர்கிறது. அந்தத் தூள் தரையில் விழுகிறது. தரையில் தவழ்வது யார்? வீட்டுக் குழந்தை!

டாக்டர் கண்டுபிடித்த உண்மை

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் என்று ஒரு நகரம் இருக்கிறது. வெயில் கடுமையான ஊர். அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலும் மர வீடுகள். வீட்டைச் சுற்றித் தாழ்வாரமும், தாழ்வாரத்துக்கு மரக் கைப்பிடியும் இருக்கும். அவற்றுக்கு வர்ணம் அடித்து இருப்பார்கள்.

1890-களில் அந்த ஊர்க் குழந்தைகளை ஒரு நோய் வாட்டியது. சில குழந்தைகளின் கை, கால்கள் துவண்டன. சில குழந்தைகளுக்குக் கண் பார்வை கெட்டது. டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் உடம்பில் காரீய விஷம் ஏறி இருந்தது!

அந்த விஷம் எங்கே இருந்து வந்தது? லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் டாக்டர் அதைத் துருவி ஆராய்ந்தார். விடை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. கைப்பிடியிலும் சுவரிலும் அடித்து இருந்த வர்ணத்தில் காரீயம் கலந்து இருந்தது. வெயிலில் வர்ணம் காய்ந்து, மாவு போல உதிர்ந்தது. விளையாடும் குழந்தைகளின் விரலில் அது ஒட்டியது. குழந்தைகள் விரலைச் சூப்பினார்கள், நகத்தைக் கடித்தார்கள். விஷம் வயிற்றுக்குள் போயிற்று!

1904-ம் ஆண்டிலேயே கிப்சன் இதை எழுதி வெளியிட்டார். ஆனாலும், சட்டம் வருவதற்கு 18 வருஷம் ஆயிற்று. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீய வர்ணம் அடிக்கக் கூடாது என்று 1922-ல் அந்த மாநிலத்தில் தடை வந்தது.

உலகம் மெல்ல விழித்தது. வீடுகளின் உட்புறத்தில் வெள்ளைக் காரீய வர்ணம் அடிப்பதைத் தடுக்க, 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா 1978-ல்தான் வீட்டு வர்ணத்தில் காரீயத்துக்குத் தடை போட்டது.

இந்தியாவில் 2016-ல் விதி இயற்றினார்கள். அது 2017 நவம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. வீட்டு வர்ணத்தில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்பது அந்த விதி.

கிப்சன் எச்சரித்தது 1904-ல். இந்தியாவில் விதி அமலானது 2017-ல். இடையில் 113 வருஷங்கள்!

காரீயம் என்ன செய்யும்?

பித்தளைப் பாத்திரத்துக்கு "ஈயம்" பூசுகிறார்களே, அதுவா இது? இல்லை. அது வெள்ளீயம். இங்கே சொல்வது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

காரீயத்தை வர்ணத்தில் ஏன் கலந்தார்கள்? மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் அதனால் பளிச்சென்று வரும். வர்ணம் சீக்கிரம் காயும். நீண்ட நாள் உழைக்கும். கடைக்காரருக்கும் லாபம், வாங்குபவருக்கும் திருப்தி. கஷ்டம் குழந்தைக்கு!

உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து ஏமாந்துவிடுகிறது. எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பெண் கர்ப்பம் ஆகும்போது, எலும்பில் இருக்கும் காரீயம் ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது.

ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவர்களைப் போல 4 அல்லது 5 மடங்கு காரீயத்தைக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. பிள்ளை மந்தமாகிறது. படிப்பில் கவனம் குறைகிறது. "இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

தலை வலிப்பது ஏன்?

காரீயம் மட்டும்தான் ஆபத்தா? இல்லை. புதிதாக வர்ணம் அடித்த அறையில் படுத்தால் சிலருக்குத் தலை வலிக்கிறது, கண் எரிகிறது. எண்ணெய் வர்ணத்தை இளக்குவதற்குச் சேர்க்கும் டர்பன்டைன் போன்ற திரவங்கள் ஆவியாகி மூக்கில் ஏறுவதுதான் காரணம்.

டப்பாக்களில் "வி.ஓ.சி." என்று போட்டு இருக்கும். வ.உ.சி. என்றால் கப்பல் ஓட்டிய சிதம்பரனார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வி.ஓ.சி. வேறு! எளிதில் ஆவியாகிப் பறக்கும் ரசாயனப் பொருள்களுக்கு இங்கிலீஷில் உள்ள சுருக்கப் பெயர் அது. இது குறைவாக இருக்கும் வர்ணமே நல்லது.

தண்ணீரில் கலக்கும் வர்ணங்களில் இந்த ஆவி குறைவு. அதனால், சுவருக்கு எண்ணெய் வர்ணத்தைவிடத் தண்ணீர் வர்ணம் மேல். எதை அடித்தாலும், சில நாட்கள் ஜன்னல், கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். வாடை போகும் வரை குழந்தையையும் கர்ப்பிணியையும் அந்த அறையில் படுக்க வைக்கக் கூடாது.

பாட்டி காலத்து வர்ணம்

விஷம் இல்லாத வர்ணம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. அது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நம் பாட்டி காலத்துச் சுண்ணாம்புதான் அது!

சுண்ணாம்புக் கல்லை அல்லது கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்ததும், அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. மறுபடியும் கல்லாக மாறிவிடுகிறது. கல்லாகப் பிறந்து, கல்லாகவே சுவரில் ஒட்டிக்கொள்கிறது!

சுண்ணாம்புக்குக் காரம் உண்டு. அதனால் பூஞ்சக் காளான் எளிதில் பிடிப்பது இல்லை. சுவரில் இருக்கும் ஈரமும் வெளியே போக வழி உண்டு. பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டிடங்களுக்கு இதைப் போலப் பொருத்தமான பூச்சு வேறு இல்லை.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பெருமை தெரியும். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கரு போன்ற பொருள்களைச் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். பல தலைமுறை கடந்தும் அந்தச் சுவர்கள் பளிங்கு போல மின்னுகின்றன.

சுண்ணாம்பு அடிக்கும் முறை

நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். நீற்றி, ஒரு நாள் முழுவதும் ஊற வைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்ட வேண்டும். கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்க்க வேண்டும். பளிச்சென்று இருக்கத் துளி நீலம் போதும். புதுச் சுவருக்கு 3 முறை அடித்தால் நன்றாகப் பிடிக்கும்.

நிறம் வேண்டும் என்றால் காவி அல்லது மஞ்சள் மண் கலக்கலாம். சமையல் மஞ்சள் தூள் உதவாது. சுண்ணாம்போடு சேர்ந்ததும் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிடும். வெயிலில் வெளுத்தும் போய்விடும்.

சுண்ணாம்பிலும் குறைகள் உண்டு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். அடிக்கடி அடிக்க வேண்டும். எண்ணெய் வர்ணத்துக்கு மேல் அடித்தால் பிடிக்காது. நீற்றும்போது தெறித்தால் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகக் கூடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தாமதம் இல்லாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

சாணத்தில் வர்ணம்!

வாசலில் சாணம் தெளிப்பதும், மண் தரையைச் சாணத்தால் மெழுகுவதும் தமிழ்நாட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வேலை. அந்தச் சாணத்தில் இருந்தே சுவர் வர்ணம் செய்து இருக்கிறார்கள்.

ஜெய்ப்பூரில் உள்ள குமரப்பா தேசியக் கையால் காகிதம் செய்யும் நிலையம் இதை உருவாக்கியது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியவாதி ஜே.சி. குமரப்பாவின் பெயரில் அமைந்த நிலையம் அது. காதி, கிராமத் தொழில் கமிஷனுக்காக 2021 ஜனவரி 12-ந் தேதி மத்திய மந்திரி நிதின் கட்காரி இந்த வர்ணத்தை வெளியிட்டார். வெளியிட்டபோது, டிஸ்டம்பர் லிட்டர் 120 ரூபாய். எமல்ஷன் லிட்டர் 225 ரூபாய். வாடை இல்லாதது, காரீயம் முதலிய நச்சு உலோகங்கள் சேராதது என்று அறிவித்தார்கள்.

டப்பாவில் என்ன பார்ப்பது?

சுண்ணாம்பு எல்லா வீட்டுக்கும் ஒத்து வராது. கடை வர்ணம்தான் வேண்டும் என்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் படிக்க வேண்டும். படம் பச்சை இலையாக இருந்தால் போதாது. "இயற்கை வர்ணம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு இருந்தாலும் போதாது.

காரீயம் 10 லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இல்லை என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரி இல்லாத டப்பாவை வாங்கக் கூடாது. பெயர் தெரியாத மலிவு மஞ்சள், சிவப்பு எனாமலைத் தொட்டிலுக்கும், நடை வண்டிக்கும், ஜன்னல் கம்பிக்கும் அடிக்கவே கூடாது.

பழைய வர்ணம் ஜாக்கிரதை

விதி வருவதற்கு முன்னால் அடித்த எண்ணெய் வர்ணம் பல வீடுகளின் கதவிலும் கம்பியிலும் இன்னும் இருக்கிறது. அதில் காரீயம் இருக்கலாம். உதிராமல் கெட்டியாக இருந்தால், அதைச் சீண்டாமல் மேலேயே நல்ல வர்ணம் அடிப்பது நல்லது.

சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால், உலர்ந்தபடி உப்புத் தாளால் தேய்க்கக் கூடாது. தூள் வீடு முழுவதும் பறக்கும். தண்ணீர் தெளித்து, ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். விளக்குமாறு வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

பழைய வர்ணக் கதவையும் ஜன்னலையும் உடைத்து வெந்நீர் அடுப்பில் எரிப்பது பெரிய தவறு. காரீயம் புகையாகவும் சாம்பலாகவும் வீட்டுக்குள் பரவும். மிச்ச வர்ணத்தைக் கிணற்றங்கரையிலோ சாக்கடையிலோ கொட்டவும் கூடாது.

வர்ணம் அடிப்பவரும் மனிதர்தான்

வீட்டுக்காரர் சில நாட்கள் வாடையைச் சகித்தால் போதும். வர்ணம் அடிக்கும் தொழிலாளி வருஷம் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார். இந்தத் தொழில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1989-ல் அறிவித்து இருக்கிறது.

அவர் வேலை செய்யும் அறையில் காற்றோட்டம் வேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் கவசம் வேண்டும். மண்ணெண்ணெயில் கை கழுவ விடக் கூடாது. தோல் வழியாகவும் கெடுதல் உண்டு. தண்ணீர் வர்ணம் என்றால் சோப்பே போதும். சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. வேலைத் துணியோடு அவர் வீட்டுக்குப் போனால், தூளும் கூடவே போகும். ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொள்ள, அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும்.