ஹோண்டாவின் ஓட்டுநர்: டகுமா சாட்டோ

ஜப்பானிய ஓட்டுநர்களைப் பற்றி ஐரோப்பியக் கார்ப்பந்தய வட்டாரத்தில் வெகுகாலம் புழங்கிவந்த குற்றச்சாட்டு ஒன்று உண்டு: அவர்கள் திறமையால் வந்தவர்கள் அல்லர், என்ஜினோடு சேர்ந்து வந்து இறங்கியவர்கள் என்பதே அது. பார்முலா ஒன் பந்தயத்தில் பல அணிகள் காரின் உடற்சட்டத்தைத் தாமே வடிவமைத்தாலும் என்ஜினை வேறொரு நிறுவனத்திடமிருந்து பெறுகின்றன. அவ்வாறு என்ஜின் தரும் நிறுவனம் தன் நாட்டு ஓட்டுநர் ஒருவருக்கும் அணியில் இடம் கேட்பது அங்கே ஒளிவுமறைவான காரியம் அன்று. ஜப்பானிய ஓட்டுநர் சடோரு நகாஜிமா, 1987-இல் லோட்டஸ் அணியில் அயர்டன் சென்னாவின் சக ஓட்டுநராகச் சேர்ந்ததும், ஹோண்டா என்ஜின் அந்த அணிக்கு வந்து சேர்ந்ததும் ஒரே ஆண்டில்தான். டகுமா சாட்டோவைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டுக்கு இன்னும் வலுவான சான்று இருக்கிறது. பார்முலா ஒன்னில் அவர் ஓட்டிய மூன்று அணிகளின் கார்களிலும், பின்னர் அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் அவர் ஓட்டிய எல்லாக் கார்களிலும் ஹோண்டா என்ஜினே பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே, ஹோண்டா அவருக்குக் கொடுத்தது எது, அவரே தேடிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய வாழ்க்கையை எடைபோடுவதற்கான நேர்வழி.

1977 ஜனவரி 28-இல் டோக்கியோவில் பிறந்த சாட்டோ, பத்து வயதில், 1987-இன் ஜப்பான் கிராண்ட் பிரியைச் சுசுகா பந்தயப் பாதையில் நேரில் பார்த்தார். ஐந்தாறு வயதிலேயே கோ-கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டியில் ஏற்றிவிடப்படும் பிள்ளைகள்தாம் பின்னாளில் பார்முலா ஒன்னை எட்டுகிறார்கள் என்பது இத்துறையின் பொதுவிதி. ஆனால் சாட்டோ இருபது வயதை நெருங்கும்வரை ஓட்டியது சைக்கிள்தான், அதில் மாணவர்களுக்கான தேசியப் போட்டியில் வென்றவரும்கூட. வசேடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஹோண்டா ஆதரவில் சுசுகாவில் நடந்த பந்தயப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பதாரர்களின் முந்தைய பந்தயப் பதிவுகளைப் பார்த்தே ஆளெடுப்பது என்றிருந்த நிலையில், காட்டுவதற்குப் பதிவு ஏதும் இல்லாத அவர், நேர்காணல் நடத்தும்படி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளில் மிகவும் பொருள் பொதிந்தது. பள்ளியின் உதவித்தொகையையும் வென்று, 1998-இல் இங்கிலாந்துக்குச் சென்றார்.

பார்முலா ஒன்னுக்கு முந்தைய படிகளில் அன்று பெருமதிப்புப் பெற்றிருந்தது பிரிட்டிஷ் பார்முலா 3 தொடர். சென்னாவும் மிக்கா ஹாக்கினனும் அதில் பட்டம் வென்றே மேலே சென்றனர். 2001-இல் கார்லின் அணிக்காகப் பன்னிரண்டு பந்தயங்களை வென்று சாட்டோ அந்தப் பட்டத்தைக் கைப்பற்றினார். ஜப்பானியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. அதே ஆண்டில் மக்காவ் கிராண்ட் பிரியும் அவர் வசமாயிற்று. அந்தக் காரிலும் முகென்-ஹோண்டா என்ஜின்தானே என்று கேட்கலாம். ஆனால் அதே அணியில் அதே காரை ஓட்டிய ஆன்டனி டேவிட்சன் இரண்டாமிடத்தில் வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. கார் ஒன்றாயிருக்கும்போது எஞ்சும் வேறுபாடு ஓட்டுநருடையது மட்டுமே.

2002-இல் ஜோர்டான்-ஹோண்டா அணியில் தொடங்கிய அவருடைய பார்முலா ஒன் வாழ்க்கையில் முதலாண்டு பெரும்பாலும் விபத்துகளின் கணக்காகவே கழிந்தது. ஆஸ்திரியாவில் நிக் ஹைட்ஃபெல்டின் கார் கட்டுப்பாடிழந்து பக்கவாட்டில் வந்து மோதியதில் சாட்டோவின் காரில் ஓட்டுநர் அமரும் பகுதியே பிளந்துபோனது, அவர் பிழைத்தது பெரிய விஷயம். ஆண்டின் கடைசிப் பந்தயத்தில், சுசுகாவில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் ஐந்தாமிடம் பெற்று முதல் புள்ளிகளை எடுத்தார். 2003 முழுவதும் ஹோண்டா என்ஜினுடன் ஓடிய பார் (BAR) அணியில் சோதனை ஓட்டுநராக இருந்து, கடைசிப் பந்தயத்தில் ஜாக் வில்நெவின் இடத்தில் இறங்கி ஆறாவதாக வந்தார்.

அவருடைய சிறந்த ஆண்டு 2004. நூர்பர்க்ரிங்கில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரியின் தகுதிச் சுற்றில் இரண்டாமிடம் பிடித்து, புறப்பாட்டின் முன்வரிசையில் நின்ற முதல் ஜப்பானியரானார்; இண்டியானாபொலிஸ் பாதையில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரியில் மூன்றாமிடம் பெற்று, அகுரி சுசுகிக்குப் பின் வெற்றிமேடை ஏறிய இரண்டாவது ஜப்பானியர் என்ற பெயரையும் பெற்றார். அந்த ஆண்டு 34 புள்ளிகளுடன் எட்டாமிடம். ஆயினும் இரண்டு குறைகள் அப்போதே வெளிப்பட்டுவிட்டன. முதலாவது என்ஜினுடையது: மொனாக்கோவில் அவருடைய என்ஜின் வெடித்துக் கக்கிய வெண்புகையில் பின்னால் வந்தவர்களுக்குப் பாதையே தெரியாமல் போக, ஜான்கார்லோ ஃபிசிகெல்லாவின் கார் முன்னே சென்ற காரில் ஏறிக் கவிழ்ந்தது. வாசலைத் திறந்துவிட்ட ஹோண்டாவே வழியையும் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது குறை சாட்டோவினுடையது: நூர்பர்க்ரிங்கில் இரண்டாமிடத்துக்காக முதல் வளைவில் ரூபன்ஸ் பாரிக்கெல்லோவின் உட்புறம் பாய்ந்து, முன்னிறகை உடைத்துக்கொண்டார். காரின் மூக்கில் பொருத்தப்படும் இந்த இறகு காற்றின் விசையால் முன்சக்கரங்களைப் பாதையோடு அழுத்திப் பிடிப்பது. அது போனால் வேகமும் போயிற்று.

2005-இல் ஒரே ஒரு புள்ளியோடு நின்றதும் பார் அணி அவரைக் கைவிட்டது. அப்போது அகுரி சுசுகி, ஹோண்டாவின் துணையுடன் சூப்பர் அகுரி என்ற புதிய அணியைச் சில மாதங்களில் கட்டியெழுப்பினார்; சாட்டோவுக்காகவே உருவான அணி என்று அதைச் சொல்வது மிகையாகாது. 2002-ஆம் ஆண்டின் ஆரோஸ் காரைத் தட்டிக்கொட்டித் திருத்தி 2006-இல் களமிறங்கிய அந்த ஏழை அணி, அடுத்த ஆண்டு ஸ்பெயினில் முதல் புள்ளியைப் பெற்றது. அதன்பின் கனடாவில், முந்தைய இரண்டு ஆண்டுகளின் உலக சாம்பியனான பெர்னாண்டோ அலோன்சோவின் மெக்லாரன் காரைக் கடைசிக் கட்டத்தில் முந்திச்சென்று சாட்டோ ஆறாமிடம் பிடித்தார். அந்த நாளில் ஹோண்டாவின் சொந்த அணி ஒரு புள்ளிகூட எடுத்திருக்கவில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. பணமின்றி 2008 மே மாதத்தில் சூப்பர் அகுரி மூடப்பட்டபோது, அவருடைய பார்முலா ஒன் வாழ்க்கை 90 பந்தயங்கள், 44 புள்ளிகள் என்ற அளவில் முடிந்துபோனது.

2010 முதல் அவர் ஓட்டிய இண்டிகார் தொடரின் சிகரம் இண்டியானாபொலிஸ் 500. இரண்டரை மைல் நீளமுள்ள, நான்கு வளைவுகளுடைய பாதையை 33 கார்கள் 200 முறை சுற்றி 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் அது. மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும் அந்த வேகத்தில் முன்னே செல்லும் கார் காற்றைக் கிழித்து வழிவிடுவதால், ஒட்டிப் பின்தொடரும் காருக்கு நேர்பாதையில் வேகம் கூடுகிறது. ஆனால் வளைவுக்குள் அதே கார் கிளப்பும் கலங்கிய காற்று, பின்வரும் காரின் பிடிமானத்தைக் குறைத்துவிடுகிறது. எனவே எங்கே முந்துவது என்பதைவிட எப்போது முந்துவது என்பதே அங்கே பெரிய கேள்வி. 2012-இல் சாட்டோ அதற்குத் தந்த விடை, கடைசிச் சுற்றின் முதல் வளைவு. முன்னே சென்ற டாரியோ பிராஞ்சிட்டியின் உட்புறம் நுழைந்தபோது இடம் குறுகி, பாதையின் உள்ளோர வெள்ளைக்கோட்டை ஒட்டி அழுத்தப்பட்ட அவருடைய காரின் பின்சக்கரங்கள் நழுவ, கார் சுழன்று வெளிச்சுவரில் மோதியது. பிராஞ்சிட்டி வென்றார், சாட்டோவுக்குப் பதினேழாமிடம்.

அடுத்த ஆண்டு ஏ.ஜே. ஃபாய்ட் அணிக்காக லாங் பீச்சில் வென்று, இண்டிகார் பந்தயம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானியரானார். 2017-இல் ஆண்ட்ரெட்டி அணிக்கு மாறியபோது அவருக்கு வயது நாற்பது. மே 28 அன்று நடந்த 500-இல் ஹோண்டா என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன. அதே அணியில் ஓடிய ரயன் ஹன்டர்-ரேயும், அவ்வாண்டு சிறப்பு விருந்தினராக வந்த அலோன்சோவும் என்ஜின் பழுதாகி வெளியேறினர். அதே என்ஜினை நம்பி ஓடிய சாட்டோ, ஐந்து சுற்றுகள் மீதமிருக்கையில் செவர்லே என்ஜினுடன் ஓடிய ஹீலியோ காஸ்ட்ரோநெவிஸை முந்தினார். மூன்று முறை அப்பந்தயத்தை வென்றிருந்த காஸ்ட்ரோநெவிஸ் பக்கவாட்டில் வந்து நெருக்கியும் இடம் தராமல், சாட்டோ 0.2011 விநாடி வித்தியாசத்தில் வென்றார். 2012-க்கும் இதற்கும் துணிச்சலில் ஏற்றத்தாழ்வு இல்லை. கடைசிச் சுற்றுவரை காத்திருந்து ஒரே வாய்ப்பில் எல்லாவற்றையும் பணயம் வைக்காமல், முன்கூட்டியே முன்னேறி, எதிராளியின் பதில் தாக்குதலைச் சமாளிக்க அவகாசம் வைத்துக்கொண்டதுதான் வேறுபாடு. ஆசியர் ஒருவர் அப்பந்தயத்தை வென்றது அதுவே முதல்முறை. போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு நாளையொட்டிய வாரயிறுதியில் ஜப்பானியர் வென்றது தமக்குச் சங்கடமாயிருக்கிறது என்று எழுதிய டென்வர் விளையாட்டு எழுத்தாளர் ஒருவர் வேலையை இழந்தார் என்பதும் அந்த வெற்றியின் வரலாற்றில் ஒரு வரி.

2020-இன் இரண்டாவது வெற்றி இவ்வளவு தெளிவானதன்று. பெருந்தொற்றால் ஆகஸ்டுக்குத் தள்ளப்பட்டு, பார்வையாளர் எவருமின்றி நடந்த அந்தப் பந்தயத்தில் 111 சுற்றுகள் முன்னிலை வகித்த ஸ்காட் டிக்சனைப் பிற்பகுதியில் முந்தி சாட்டோ முன்னே சென்றுகொண்டிருந்தார். ஐந்து சுற்றுகள் இருக்கையில் ஸ்பென்சர் பிகாட்டின் கார் மோதி நொறுங்கியது. அதனால் மஞ்சள் கொடி காட்டப்பட்டு, எவரும் எவரையும் முந்தக் கூடாது என்ற நிலையிலேயே பந்தயம் முடிக்கப்பட்டது. சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, பின் மீண்டும் தொடங்கியிருந்தால் டிக்சன் வென்றிருப்பார் என்போர் உண்டு. இருவருடைய எரிபொருள் இருப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

ஆக, குற்றச்சாட்டின் ஒரு பாதி உண்மை: ஹோண்டா இல்லையேல் சாட்டோவுக்கு இத்தனை இருக்கைகள் கிடைத்திரா. ஆனால் அவருடைய ஆறு இண்டிகார் வெற்றிகளுக்கு அந்த விளக்கம் போதாது, ஏனெனில் அதே என்ஜினை வைத்திருந்த பலர் அவரளவு வெல்லவில்லை. 2025-இன் இண்டியானாபொலிஸ் 500-இல், 48-ஆம் வயதில், தகுதிச் சுற்றில் இரண்டாமிடம் பிடித்து, மற்றெவரையும்விட அதிகமாக 51 சுற்றுகள் முன்னிலை வகித்தார். ஆனால் எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் உள்ளே வந்தபோது, வேகம் அடங்காமல் தமக்குரிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட, வெற்றி அலெக்ஸ் பலோவுக்குப் போனது.