ஓடையில் கரையும் குருணை மருந்து

கலிஃபோர்னியாவின் தேசிய வனங்களில் நடக்கப் போகிறவர்கள் சருகுக்கு அடியில் ஒரு கறுப்புக் குழாய் ஓடுவதைக் கண்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நம் தோட்டங்களில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிறோமே, அதே மாதிரிக் குழாய்தான். காட்டு மரத்துக்கு யாரும் சொட்டுநீர் விடுவதில்லை. அந்தக் குழாய் மேலே ஓர் ஓடையை மறித்துத் தேக்கிய இடத்தில் தொடங்கி, கீழே கஞ்சாத் தோட்டத்தில் போய் முடியும். தோட்டத்துக்குக் காவல் இருக்கலாம், காவலன் கையில் துப்பாக்கியும் இருக்கலாம். ஆனால் அந்தத் துப்பாக்கியைவிட அதிகம் பேருக்குத் தீங்கு செய்வது தோட்டத்தில் கிடக்கும் மருந்து மூட்டை.

கலிஃபோர்னியா மாநிலப் பரப்பில் ஏறக்குறைய 45 விழுக்காடு ஒன்றிய அரசின் நிலம். தேசிய வனங்கள் மட்டும் எண்ணிக்கையில் 18. சாஸ்டா-டிரினிட்டி, சிக்ஸ் ரிவர்ஸ், செக்கோயா, லாஸ் பாட்ரஸ் என்று மலைமலையாக விரியும் காடுகள். இவற்றுக்குள் கஞ்சா வந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் சட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. 1983இல் மாநிலமும் ஒன்றிய அரசும் சேர்ந்து, ஹெலிகாப்டரில் பறந்து தேடிக் கஞ்சாவைப் பிடுங்கும் பெரிய நடவடிக்கையைத் தொடங்கின. அடுத்த ஆண்டே, போதைப்பொருள் குற்றத்துக்குப் பயன்பட்ட நிலத்தையும் பறிமுதல் செய்ய ஒன்றியச் சட்டம் வழிசெய்தது. சொந்த நிலத்தில் பயிரிட்டால் நிலமே போய்விடும் என்றானதும், பயிரிட்டவர்களில் பலர் பொது நிலத்துக்கு நகர்ந்தார்கள். பிடிபட்டால் செடி போகும், மண் அவர்களுடையது இல்லையே. கடுமையான சட்டம் ஒரு குற்றத்தைக் காட்டுக்குள் தள்ளியது இப்படித்தான். தண்டனையை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் குரல் எழும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. கடுமை வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எதன் மேல் அந்தக் கடுமை விழ வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபடுகிறேன்.

இளங்கஞ்சாத் தண்டை எலி கடிக்கும், மான் மேயும். அதைத் தடுக்க எலி மருந்தைச் செடிக்குச் செடி இறைக்கிறார்கள். கூடவே கார்போஃபியூரான். ஃபியூரடான் என்றால் நம் விவசாயிகளுக்கு உடனே புரியும். நெல்லுக்கும் வாழைக்கும் இட்ட குருணை மருந்து. அமெரிக்காவில் உணவுப் பயிர்களில் இதன் எச்சம் இருக்கவே கூடாது என்று 2009இல் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரே ஒரு குருணை ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும். அதைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, ஓடையிலிருந்து இழுத்த தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறார்கள். இறைச்சித் துண்டில் தடவித் தூண்டில் முள்ளில் தொங்கவிட்டு விலங்குகளைக் கொல்வதும் உண்டு.

காட்டில் வைத்த நஞ்சு வைத்த இடத்தில் நிற்பதில்லை. ஃபிஷர் என்றொரு விலங்கு, பூனை அளவு இருக்கும், நம் நீலகிரி மார்டனுக்கு உறவு. ஊருக்குள் வராத இந்த விலங்கின் 58 உடல்களைக் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. 46 உடல்களில் எலி மருந்து இருந்தது. வீடும் இல்லை, வயலும் இல்லை, நடுக்காட்டில் எலி மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனவர்களுக்குக் கிடைத்த விடை கஞ்சாத் தோட்டங்கள். வடமேற்குக் கலிஃபோர்னியாவில் அருகிவரும் வடக்குப் புள்ளி ஆந்தைகளைச் சோதித்த 2018ஆம் ஆண்டு ஆய்விலும் 10இல் 7 ஆந்தைகளின் உடலில் அதே நஞ்சு.

கோடையில் ஒரு செடிக்கு நாளொன்றுக்கு 22 லிட்டர் வரை தண்ணீர் தேவை என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஆயிரம் செடிக்குக் கணக்குப் போட்டால், ஆகஸ்ட் மாதத்தில் நூலாக ஓடும் சிற்றோடையில் சால்மன் குஞ்சுகளுக்கு என்ன மிஞ்சும்? கிளாமத் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் யுரோக் பழங்குடி மக்கள், தங்கள் ஓடைகள் உறிஞ்சப்படுவதைப் பொறுக்க முடியாமல், 2014இல் தாங்களே அதிகாரிகளை அழைத்துத் தங்கள் நிலப்பகுதியில் சோதனை நடத்தச் செய்தார்கள். தீயின் ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. 2009 ஆகஸ்டில் லாஸ் பாட்ரஸ் வனத்தில் ஒரு கஞ்சா முகாமின் சமையல் அடுப்பிலிருந்து பரவிய லா ப்ரெயா தீ ஏறக்குறைய 90,000 ஏக்கரை எரித்தது.

இனி சட்டம். கலிஃபோர்னியா 2016இல் வாக்கெடுப்பு நடத்திக் கஞ்சாவைப் பெரியவர்களுக்கு அனுமதித்தது. ஒன்றியச் சட்டம் அனுமதிக்கவில்லை. தேசிய வனத்தில் நடப்பது ஒன்றியச் சட்டம். அதன்படி 100 செடிக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை, 1,000 செடிக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஒன்றிய நிலத்தில் பயிரிட்டால் தனிநபருக்கு 5 லட்சம் டாலர் வரை அபராதம். தோட்டத்தைக் காக்கக் கண்ணி வைத்தால் 10 ஆண்டு வரை, மறுமுறை செய்தால் 20 ஆண்டு வரை. ஒன்றிய நிலத்தில் நஞ்சைப் பயன்படுத்தி மனிதருக்கோ விலங்குக்கோ பெரும் ஆபத்தை உண்டாக்கினாலோ, ஓடையையோ ஊற்றையோ கெடுத்தாலோ அதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அதிகபட்சம் 5 ஆண்டு. குறைந்தபட்சத் தண்டனை எதுவும் இல்லை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செடியை எண்ணினால் கட்டாயம் 10 ஆண்டு. ஓர் ஓடையையே நஞ்சாக்கினால் உச்சமே 5. பிடுங்கிப் போட்ட செடி ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும். மூட்டையிலிருந்து கசிந்த மருந்து மண்ணில் கிடக்கும், எலியை உண்ட ஆந்தையின் ஈரலில் தங்கும். 2014இல் ஒன்றியத் தண்டனை வழிகாட்டு விதிகளில், அரசு நிலத்திலோ பிறர் நிலத்தில் அத்துமீறியோ பயிரிட்டால் தண்டனையைக் கூட்டும்படி ஒரு திருத்தம் வந்தது. அது நல்ல தொடக்கம். என் தீர்ப்பைக் கேட்டால், எடை நஞ்சின் பக்கம் சாய வேண்டும். மருந்தைக் கடத்தி வந்தவன், பணம் போட்டவன், விளைச்சலை விற்றவன் ஆகியோரின் சொத்திலிருந்து துப்புரவுச் செலவு வசூலாக வேண்டும். செடியைப் பிடுங்கியதோடு திரும்பிவிட்ட முகாம்கள் பல, குழாயும் குப்பையும் மருந்துமாக இன்னும் காட்டில் கிடக்கின்றன.

பிடிபடுகிறவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்து, மாதக்கணக்கில் மலையில் படுத்துறங்கி, அதே மருந்தைக் கையுறை இல்லாமல் அள்ளிய கூலிக்காரர்கள் பலர். கடனாலோ மிரட்டலாலோ கட்டிவைக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. இவர்களுக்கு வாய் திறக்காமல் இருக்கும் உரிமை, வசதியில்லாவிட்டால் அரசுச் செலவில் வழக்கறிஞர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர், தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமை எல்லாம் இருக்கின்றன. முன்குற்றம் பெரிதாக இல்லாத, வன்முறை செய்யாத அடிமட்ட ஆளுக்குக் கட்டாயத் தண்டனைக்கும் கீழே இறங்கித் தண்டிக்க நீதிபதிக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆள்கடத்தலுக்குப் பலியானவர் என்று நிரூபித்தால் 4 ஆண்டு வரை தங்க ‘டி’ (T) விசா கேட்கலாம். ஆள்கடத்தல் உதவி எண் 1-888-373-7888.

அங்கே படிக்கவும் வேலை பார்க்கவும் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கலிஃபோர்னியாவில் கடையில் ரசீதோடு வாங்கிய கஞ்சாவாக இருந்தாலும், யோசெமிட்டி வாசலைத் தாண்டினால் அது ஒன்றியச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறையோ, 1,000 டாலருக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். விசாவில் இருப்பவருக்கு அபராதத்தைவிடப் பெரிய இழப்பு அதற்குப் பிறகு வரும். தண்டனையே இல்லாமல், குற்றத்தை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதே அடுத்த விசா மறுக்கப்படக் காரணமாகலாம். வழக்கு என்று வந்துவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்று எச்சரிப்பது உங்கள் வழக்கறிஞரின் கடமை. 2010இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழந்தைகளோடு காட்டில் நடக்கும்போது கறுப்புக் குழாய், உர மூட்டை, மரக்கிளைக்கு அடியில் கட்டிய தார்ப்பாய், சமையல் எரிவாயு உருளை, வரைபடத்தில் இல்லாத ஒற்றையடித் தடம் இவற்றில் எதைக் கண்டாலும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம். வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். எதையும் தொடாதீர்கள், பாட்டிலையோ டப்பாவையோ திறக்காதீர்கள். இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் 911க்கோ வனத்துறை அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது. யாருக்காவது வாயில் நீர் ஒழுகி, கண்ணீர் வடிந்து, வியர்த்து, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறினால் குருணை மருந்து உடலில் ஏறியிருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 911ஐ அழையுங்கள்; மருத்துவமனையில் அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லை, கையில் பட்டதோ என்ற சந்தேகம்தான் என்றால் நஞ்சு உதவி மையத்தைக் கேளுங்கள். எண் 1-800-222-1222. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.